கடல்வழி உல்லாசப் பயணம்: பதிவு முதல் கரையிறக்கம் வரை

கடல்வழி உல்லாசப் பயணத்தில் கப்பலே ஊர்தி, கப்பலே விடுதி. பலருக்குக் கப்பலே பார்க்க வந்த இடமும்கூட. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பிவரும் மூன்று நாள் பயணம் முதல் உலகைச் சுற்றிவரும் நான்கு மாதப் பயணம் வரை இதில் அடங்கும். ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே நோக்கமாக உள்ள பயணிக் கப்பல் வேறு. நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலாவும் எம்.வி. சிதம்பரமும் அந்த வகையைச் சேர்ந்தவை. 1985இல் சிதம்பரத்தில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பலாகக் கருதப்படுவது 1901இல் ஓடத் தொடங்கிய ‘பிரின்செஸ்ஸின் விக்டோரியா லூயிஸே’ என்ற ஜெர்மானியக் கப்பல். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 365 மீட்டர் நீளமுள்ளது. 7,600 பயணிகள் வரையிலும் 2,350 பணியாளர்களும் அதில் இருக்க முடியும்.

இவ்வளவு பெரிய கப்பலும் கடலுக்கும் காற்றுக்கும், தான் தொடும் ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதே. குறித்த நேரத்தில் அது புறப்பட்டுவிடும், வராதவருக்காகக் காத்திருக்காது. பயணிகளின் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை சீட்டுப் பதியும் நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. பருவம் பாராமல் தேதி குறிப்பது, விளம்பரத்தில் உள்ள தொகையையே முழுச் செலவாக எண்ணுவது, விசாவைக் கடைசிக்குத் தள்ளுவது ஆகிய மூன்றும் அவற்றுக்கு வேர். கப்பலில் எத்தனை நீச்சல் குளம், எத்தனை அரங்கு என்று பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் தீர்த்துக்கொள்வதே முறை.

பருவமும் வழித்தடமும்

இந்தியாவைச் சுற்றியுள்ள கடல்களில் பருவக்காற்றே காலத்தை வகுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு வழித்தடங்களுக்கு அது ஏற்ற காலமல்ல. நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களே நல்லவை. வங்கக் கடலிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும்; ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும்கூடப் புயல் உருவாவதுண்டு. இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களே கிழக்குக் கரைக்கு ஏற்றவை: கோர்டேலியா என்ற கப்பல் நிறுவனத்தின் ‘எம்ப்ரெஸ்’ 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணங்களைத் தொடங்கியதும், 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வழியாக இலங்கைப் பயணம் போனதும் அரபிக்கடல் பொங்கும் மாதங்களில்தான். லட்சத்தீவில் பெரிய கப்பல் கரையணைய வழியில்லை. பயணிகள் சிறு படகுக்கு மாறித்தான் தீவில் இறங்க வேண்டும். அலை சற்று உயர்ந்தாலும் இறங்குவது நின்றுபோகும்.

தமிழகத்திலிருந்து முதல்முறை போகிறவர்களுக்குச் சிங்கப்பூர் எளிய தொடக்கம். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே புயல் அரிது. ஆண்டு முழுவதும் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், புக்கெட் ஆகிய இடங்களுக்கு மூன்று, நான்கு, ஐந்து இரவுப் பயணங்கள் உண்டு. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. தமக்குக் கப்பல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் பதினான்கு இரவுப் பயணத்தில் பணத்தைப் போடுவதைவிட இப்படி ஒரு குறும்பயணத்தில் தொடங்குவது நல்லது. துபாய், அபுதாபியிலிருந்து புறப்படும் வளைகுடாப் பயணங்கள் குளிர்காலத்துக்கு உரியவை.

மத்தியதரைக் கடலில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கப்பல்கள் நிறைந்திருக்கும். ஜூலையும் ஆகஸ்டும் இந்தியப் பயணிகள் குறித்துக்கொள்ளும் மாதங்கள்தான் என்றாலும் வெயில், நெரிசல், விலை மூன்றும் உச்சத்தில் இருப்பதும் அப்போதே. மே மாதமோ செப்டம்பர் இறுதியோ கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அலாஸ்காவின் பருவம் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. நார்வேயின் கடற்கழிகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் வடமுனை வட்டத்துக்கு அப்பால் நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. கரீபியனில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானிலை இதமாக இருக்கும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை அது கடுமை. அந்த மாதங்களில் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சூறாவளி வந்தால் கப்பல் விலகிப் போய்விடும் என்பதால் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பார்க்க நினைத்த தீவுக்குப் பதில் வேறொரு தீவு கிடைக்கலாம்.

துறைமுகத்தின் பெயரைப் படிப்பதிலும் கவனம் தேவை. விளம்பரத்தில் ‘ரோம்’ என்று இருந்தால் கப்பல் நிற்பது சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவிதாவெக்கியாவில். ‘புளோரன்ஸ்’ என்பது லிவோர்னோ, ‘பாரிஸ்’ என்பது லே ஹாவ்ர், ‘பாங்காக்’ என்பது பெரும்பாலும் லேம் சபாங். வெனிஸ் நகரின் ஜூதெக்கா கால்வாயில் 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ‘வெனிஸ்’ என்று அச்சிட்டிருக்கும் பயணங்கள் பல ட்ரியெஸ்தேயிலோ ராவென்னாவிலோ தொடங்குகின்றன. எட்டு மணி நேரம் நிற்கும் கப்பலிலிருந்து இறங்கி, நகருக்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் பார்ப்பதற்கு எஞ்சும் நேரத்தைப் பயணியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சில இடங்கள் கப்பல்களின் எண்ணிக்கையையே கட்டுப்படுத்தியுள்ளன. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவுக்குள் ஒரு நாளில் இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த அனுமதி பெற்ற கப்பல்தானா என்று பதியும்போதே பார்க்கலாம். அண்டார்டிகாவில் 500க்கு மேற்பட்ட பயணிகள் உள்ள கப்பல் யாரையும் கரையிறக்குவதில்லை. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கவும் விடுவதில்லை. பனிக்கண்டத்தில் கால் வைப்பதே ஆசை என்றால் சிறிய கப்பலைத்தான் தேட வேண்டும்.

கப்பலும் அறையும்

பெரிய கப்பலில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பொழுதுபோக்கு மிகுதி. ஆட்டமும் குறைவாகத் தெரியும். சிறிய கப்பல் சின்னத் துறைமுகங்களுக்குள் நுழையும். வரிசையில் நிற்கும் நேரம் குறையும். கப்பலின் அளவைச் சொல்லும் ‘கிராஸ் டன்’ என்பது எடையல்ல, உட்புறக் கொள்ளளவு. அந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை ஓரளவு ஒப்பிடலாம்.

அறைகள் பொதுவாக நான்கு வகை: சன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் சன்னல் அறை, பால்கனி அறை, ‘ஸ்வீட்’ எனப்படும் பெரிய அறைத்தொகுதி. உள்ளறை மலிவு, விளக்கை அணைத்தால் பகலிலும் நல்ல இருட்டு. நாள் முழுதும் வெளியில் திரியும் குடும்பத்துக்கு அது போதும். அலாஸ்கா, நார்வே போன்ற, கப்பலில் இருந்தபடியே காட்சி காணும் வழித்தடங்களில் பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. மூன்று இரவு சிங்கப்பூர்ப் பயணத்தில் அந்தப் பணத்தை வேறு வகையில் செலவிடுவதே மேல். அறையின் வகையைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்பதைப் பலர் பிறகே உணர்கிறார்கள். நீளவாக்கில் நடுவிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் மிகக் குறைவு. முன்முனையிலும் மேல்தளங்களிலும் அதிகம். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அரங்கத்துக்கோ நடன மன்றத்துக்கோ அருகில் இருந்தால் நள்ளிரவு வரை இசை. தளங்களின் வரைபடம் ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் உண்டு. அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று அதில் பார்த்துவிட வேண்டும். ‘கேரண்டி’ என்ற பெயரில் விற்கப்படும் அறையில் வகை மட்டுமே உறுதி. அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும். எளிதில் தலைச்சுற்றல் வருபவர்களும் முதியோரும் அதைத் தவிர்க்கலாம். சக்கர நாற்காலி செல்லும் அறைகள் எண்ணிக்கையில் குறைவு. அவை ஓராண்டு முன்பே தீர்ந்துவிடுவதும் உண்டு.

கட்டணத்தின் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும்

விளம்பரக் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கு உரியது. தனியாகப் போகிறவர் இரண்டு பேருக்கான தொகை முழுவதையும் கொடுக்க நேரலாம். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாக வருபவருக்குக் கட்டணம் குறையும். அறை, பொது உணவகங்களின் சாப்பாடு, தண்ணீர், நிகழ்ச்சிகள், குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவை உள்ளடங்கும். துறைமுக வரி, டிப்ஸ், மது, குளிர்பானம், சிறப்பு உணவகம், வைஃபை, சலவை, ஸ்பா, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. சர்வதேச நிறுவனங்கள் பலவற்றில் டிப்ஸ் என்பது விருப்பத் தொகையாக இல்லாமல் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். நாளுக்கு 16 டாலர் என்று வைத்தாலும் நான்கு பேர் குடும்பத்துக்கு ஏழு இரவுகளில் 448 டாலர் ஆகிவிடும். அந்தப் பணம் அறையைத் துடைப்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் அவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு. அதை வெட்டச் சொல்லி வரவேற்பு மேசையில் நிற்பதைவிட முன்கூட்டியே செலவுத் திட்டத்தில் சேர்ப்பதே நியாயம். சில துறைமுகங்கள் தனி வரியும் விதிக்கின்றன. சாண்டோரினி, மைகோனோஸ் தீவுகளில் 2025 ஜூலையிலிருந்து கோடைகாலத்தில் தலைக்கு 20 யூரோ வாங்கப்படுகிறது.

கப்பலுக்குள் பணத்தாள் புழங்காது. அறைச் சாவியாகவும் அடையாளமாகவும் இருக்கும் அட்டையில் எல்லாச் செலவும் ஏறி, முடிவில் கிரெடிட் கார்டில் கழியும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தைப் பயணிதான் இயக்கிவைக்க வேண்டும். டெபிட் கார்டு கொடுத்தால் முன்பணமாக ஒரு தொகையைப் பல நாள் முடக்கிவைப்பார்கள் என்பதால் கிரெடிட் கார்டே வசதி. மதுபானத் தொகுப்பு வாங்கினால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதித்துள்ளன. குடிக்காதவருக்கும் சேர்த்துக் கட்டும் தொகை அது.

ஜனவரி முதல் மார்ச் வரை நிறுவனங்கள் சலுகைகளை அதிகம் அறிவிக்கும். பள்ளி விடுமுறையில் போகும் குடும்பங்களுக்கும் குறிப்பிட்ட அறை தேவைப்படுபவர்களுக்கும் முந்திப் பதிவதே நல்லது. கடைசி நேரத் தள்ளுபடி விசா தேவையில்லாதவருக்கும் துறைமுக ஊரிலேயே வாழ்பவருக்கும்தான் பயன்படும். முழுத் தொகையையும் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்பு கட்டச் சொல்வது வழக்கம். அந்த நாளுக்குப் பிறகு ரத்துசெய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் ஒரு ரூபாயும் திரும்பாது. விசா மறுக்கப்பட்டதை நிறுவனங்கள் பெரும்பாலும் விலக்காக ஏற்பதில்லை. எனவே விசா கையில் வந்த பின் முழுத் தொகை கட்டும்படி காலத்தை அமைத்துக்கொள்வதே இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு மிக முக்கியமான பணப் பாதுகாப்பு.

விசாவும் மற்ற ஆவணங்களும்

மும்பை–கோவா போன்ற உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை போதும். லட்சத்தீவுக்கு இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற வேண்டும். கப்பல் நிறுவனமே வழக்கமாக அதற்கு ஏற்பாடு செய்யும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கப்பல் பயணிகள் அடிக்கடி இடறும் இடம் பலமுறை நுழைவு விசா. கப்பல் ஒரு நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது அது மறு நுழைவாகும். பார்சிலோனாவில் ஏறி, துருக்கியின் குஷாதாசியைத் தொட்டு, ஏதென்ஸில் இறங்குபவருக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் இருந்தால் போதாது. துருக்கி விசா பற்றியும் தனியாக விசாரிக்க வேண்டும். குரோவேஷியா 2023 முதல் ஷெங்கன் பகுதியில் உள்ளது. பக்கத்திலேயே உள்ள மாண்டிநீக்ரோ இல்லை. அலாஸ்கா இதைவிடச் சிக்கலானது. அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. அதனால் சியாட்டிலில் புறப்படும் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நின்று வரும். வான்கூவரில் புறப்படுபவற்றில் பல கனடாவுக்கே திரும்பும். எதில் ஏறினாலும் இந்தியப் பயணிக்கு இரு நாட்டு விசாவும் வேண்டும். திரும்பி வரும் நாட்டுக்குப் பலமுறை நுழைவும் வேண்டும். கரையில் இறங்கப் போவதில்லை என்று சொல்வது ஏறும் இடத்தில் எடுபடாது. வழியிலுள்ள ஒரு நாட்டின் விசா இல்லாவிட்டாலும் ஏற்ற மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. விசா விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் முகவர் சொல்வதோடு நிறுத்தாமல் அந்தந்த நாட்டின் தூதரக இணையதளத்திலும் பார்க்க வேண்டும்.

பெயரால் வரும் சிக்கல் தமிழர்களுக்கு அதிகம். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவும் இருக்கும். அப்படிப்பட்டவர்களின் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு, கப்பல் சீட்டு நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பதிந்த அன்றே சரிபார்த்துத் திருத்தக் கோருவது எளிது. துறைமுகத்தில் அது முடியாது. பெற்றோரில் ஒருவருடன் மட்டும் போகும் சிறுவர்களுக்கு மற்றவரின் ஒப்புதல் கடிதம் தேவைப்படலாம்.

பனாமா கால்வாய், கொலம்பியா, பிரேசில், ஆப்பிரிக்கக் கடற்கரை ஆகியவற்றைத் தொடும் பயணம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி விசாரிக்க வேண்டும். அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியா ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும். அதன் பின் ஆயுள் முழுதும் செல்லும். எல்லா மருத்துவமனைகளிலும் இது போடப்படுவதில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் நேரம் கேட்டுப் பெற வேண்டும்.

உடல்நலமும் காப்பீடும்

கப்பலின் ஆட்டத்தால் வரும் தலைச்சுற்றலும் வாந்தியும் உள்காது சொல்வதற்கும் கண் காண்பதற்கும் இடையிலான முரணால் வருபவை. இக்காலக் கப்பல்களின் பக்கவாட்டுத் துடுப்புகள் இடவல ஆட்டத்தைப் பெரிதும் தணிக்கின்றன. முன்பின் ஏற்ற இறக்கத்தை அவற்றால் தடுக்க இயலாது. மாத்திரையை வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் பயன் குறைவு. கடல் கொந்தளிக்கும் என்று தெரிந்த உடனேயே எடுக்க வேண்டும். இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் அவோமின் உள்ளிட்ட மருந்துகள் தூக்கம் வரவழைப்பவை. கண்ணழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியோர் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. திறந்த தளத்தின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பதும், வயிற்றைக் காலியாக விடாமல் இலேசாகச் சாப்பிடுவதும், இஞ்சியும் பலருக்கு உதவுகின்றன. அறையில் படுத்துக் கைபேசியைப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

தொற்றுகளில் கப்பலுக்கு மிகவும் அறிமுகமானது நோரோவைரஸ். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி ஓரிரு நாளில், சிலருக்கு மூன்று நாளில் அடங்கும். உணவகத்தின் வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் சானிடைசர் இந்த வைரஸுக்கு எதிராகச் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் காப்பு. பஃபேயில் பொதுக் கரண்டியைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காரும் பழக்கம் உள்ளவர்கள், குறிப்பாகக் கையால் உண்பவர்கள், உணவை எடுத்த பின் மீண்டும் கை கழுவ வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 1975 முதல் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் தருகிறது; 85 அல்லது அதற்குக் கீழ் எடுத்தால் தோல்வி. அந்தப் பட்டியல் எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. நோய் வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல்வது பயணியின் கடமை. 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. மூடிய இடத்தில் நோய் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை உலகம் அங்கே கண்டது.

கப்பலின் மருத்துவ அறை முதலுதவிக்கும் அவசரத்துக்கும் உரியது. டயாலிசிஸ், பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. கட்டணம் உண்டு, அதுவும் அதிகம். இந்தியாவில் எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது கடற்பயணம் அடங்குகிறதா, முன்பே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் அடங்குகின்றனவா, ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா, பயணம் ரத்தானால் பணம் கிடைக்குமா என்ற நான்கையும் எழுத்தில் பார்க்க வேண்டும். நடுக்கடலிலிருந்து ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது. இந்தக் காப்பீட்டில் மிச்சம் பிடிப்பது தவறு. பயணத்தின் எந்த நாளிலும் 24 வாரம் நிறைந்துவிடும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்கு ஆறு மாதமும், கடல் நாட்கள் அதிகமுள்ள பயணங்களுக்கு ஒரு வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

எடுத்துச் செல்வதும் எடுக்கக் கூடாததும்

துணிமணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலுக்கு எளிய உடை, முறைசார் இரவு விருந்துக்குப் பட்டுப் புடவையோ நல்ல சல்வாரோ கோட்டோ, குளிர்சாதன அரங்குகளுக்கு ஒரு மேலாடை, வழுக்காத செருப்பு ஆகியவை போதும். தடைப் பட்டியல்தான் முக்கியம். கப்பலில் தீயைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அதனால் இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ரைஸ் குக்கர், தண்ணீர் சூடாக்கும் கம்பி, மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம், விளக்கு எதையும் அனுமதிக்க மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் பல கப்பல்களில் தடை. காலையில் அறையில் விளக்கேற்றும் வழக்கமுள்ளவர்கள் பேட்டரி விளக்கோடு அமைய வேண்டும். சமைத்த உணவைக் கொண்டுவர விடுவதில்லை. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொடி, ஊறுகாய்ப் பொட்டலங்களைப் பல நிறுவனங்கள் விடுகின்றன. ஆனால் கரையில் வேறு சட்டம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த உணவையும் அறிவிக்காமல் இறக்கினால் அபராதம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சமையல் மசாலாவுக்குள் இருந்தாலும் சிக்கல்தான். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து, வலுவான வலி நிவாரணி போன்றவற்றுக்கு அந்நாடுகளின் முன்னனுமதி தேவைப்படலாம். மருத்துவர் சீட்டும் மூல அட்டையும் கூடவே இருக்க வேண்டும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலில் வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வர மாலையாகலாம். பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். பயணம் முடியும் நாளுக்கு அப்பாலும் சில நாளுக்கு மருந்து வைத்துக்கொள்வது முன்னெச்சரிக்கை.

ஏறும் நாளும் பாதுகாப்பு ஒத்திகையும்

புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். அதே நாள் காலை விமானத்தை நம்பி, அது தாமதமானால் கப்பலை விடுவதோடு பணத்தையும் விட நேரும். செக்-இன் பணிகளைச் செயலியில் முன்பே முடித்து, ஒதுக்கிய நேரத்தில் போனால் வரிசை குறையும்.

ஏறியதும் முதல் கடமை பாதுகாப்பு ஒத்திகை. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதிய ‘கோஸ்டா கான்கார்டியா’ கப்பலில் 4,200க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 32 பேர் இறந்தனர். அன்று மாலை சிவிதாவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இன்னும் ஒத்திகை நடந்திருக்கவில்லை. அப்போதைய விதி ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றே இருந்தது. 2015 ஜனவரி 1 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. ஏழு குறுகிய ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது பொது அபாய அறிவிப்பு. தன் கூடுமிடம் எது, அறையிலிருந்து அங்கே படிக்கட்டு வழியாகப் போவது எப்படி, உயிர்காப்பு அங்கி எங்கே என்று ஒவ்வொருவரும், குழந்தைகளும்கூட, நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அபாய நேரத்தில் லிஃப்ட் உதவாது. காணொலியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர் தம் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறார்.

கப்பலுக்குள்

சைவ உணவு இப்போது எல்லாப் பெரிய கப்பல்களிலும் கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் புறப்படுபவற்றில் ஜைன உணவும் உண்டு. மேற்கத்தியக் கப்பல்களில் ‘சைவம்’ என்பதில் முட்டை சேர்ந்திருக்கலாம். மீன் உண்பவரும் சைவர் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. எதை உண்பதில்லை என்று பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, முதல் இரவே உணவகத் தலைமைப் பரிசாரகரிடம் நேரில் சொன்னால் மறுநாளுக்கு வேண்டியதைச் சமைத்துத் தருவார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயைத் தவிர்த்து, பரிமாறும் உணவகத்திலேயே உண்பது பாதுகாப்பு.

கைபேசியைக் கப்பல் நகரும் முன்பே ஏரோபிளேன் மோடுக்கு மாற்ற வேண்டும். கரை விலகியதும் கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் இணைப்பை அது பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டத்தில் அது அடங்காது. ஒரே இரவில் பல ஆயிரம் ரூபாய்க் கட்டணம் வர இது போதும். வைஃபை தேவையென்றால் பயணத்துக்கு முன்பே வாங்குவது மலிவு.

கரையில் செலவிடும் நாட்கள்

கப்பல் நிறுவனம் நடத்தும் கரைச் சுற்றுலா விலை கூடியது. ஆனால் அதன் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நிறுவனமே கொண்டுசேர்க்கும். தனியாகப் போகிறவருக்கு அந்தக் காப்பு இல்லை. துறைமுகத்தை ஒட்டிய ஊரில் சுயமாக நடந்து திரியலாம். ரோம், புளோரன்ஸ் போன்ற தொலைவான நகரங்களுக்கு நிறுவனத்தின் பேருந்தையே நம்புவது அறிவுடைமை. ஏறியாக வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. அது கப்பல் நேரப்படி. கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுவதால் ஒரு மணி நேரம் பிசகியவர்கள் பலர்; கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்திருப்பது எளிய தீர்வு. துறைமுக முகவரின் தொலைபேசி எண் கப்பலின் அன்றாட அறிக்கையில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அவரையே.

சாண்டோரினி போன்ற இடங்களில் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகில் கரைக்குப் போகிறார்கள். அங்கே பழைய துறையிலிருந்து மேலே ஊருக்குப் போக ஏறத்தாழ 600 படிகள், அல்லது கேபிள் கார் வரிசை. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வழித்தட விவரத்தில் ‘டெண்டர்’ என்ற குறி உள்ள துறைமுகங்களை முன்பே பார்த்துவிட வேண்டும்; காற்று அதிகமானால் படகில் சக்கர நாற்காலியை ஏற்ற மறுப்பார்கள். வானிலை காரணமாக ஒரு துறைமுகத்தை விட்டுவிடவோ மாற்றவோ கேப்டனுக்குப் பயண ஒப்பந்தத்தில் முழு உரிமை உண்டு. பெரும்பாலும் அந்தத் துறைமுகத்தின் வரி மட்டுமே திரும்பக் கிடைக்கும்.

கரையிறங்கும்போது

கடைசி இரவு பெரிய பெட்டிகளை வண்ணச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் உடையையும் செருப்பையும் பாஸ்போர்ட்டையும் அதற்குள் போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. கணக்கை அன்றிரவே பார்த்துவிட்டால் தவறான பதிவுகளை வரவேற்பு மேசையில் திருத்தலாம். ஊர் திரும்பிய பின் அது நீண்ட கடிதப் போக்குவரத்து. கப்பல் காலை ஆறு, ஏழு மணிக்குக் கரையணைந்தாலும் குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிய நேரமாகும்; திரும்பும் விமானத்தை நண்பகலுக்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும். பழம், இறைச்சி, விதை எதையும் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகக் கூடாது.

மருத்துவ அறைக்குக் கட்டிய தொகை, விட்டுப்போன விமானம், காணாமற்போன பெட்டி ஆகியவற்றுக்கான சான்றுகளைக் கப்பலை விட்டு இறங்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்பது அவற்றையே. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக இந்தியாவில் பணம் கட்டியவர்களிடம் முகவர் டிசிஎஸ் என்ற பெயரில் முன்கூட்டி ஒரு வரி பிடித்திருப்பார். அது பயணியின் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டியது இல்லையென்றால் திரும்பப் பெறலாம்.